மைசூரா, நெய்யாறா, சென்னையா: பாயைச் சுருட்டிக்கொண்டு எங்கே போவது?

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் காலை ஐந்து மணிக்குப் பாய் விரிப்பது ஒன்பது வருசப் பழக்கம். சூரிய நமஸ்காரம், ஏழெட்டு ஆசனம், கொஞ்சம் மூச்சுப் பயிற்சி. அதே ஒழுங்கு, அதே பிழைகள். வலது இடுப்பு சரிகிறது என்று தெரிகிறது. எதனால் என்று சொல்லத்தான் ஆளில்லை. இந்தியாவுக்குப் போய் ஒருக்கால் முறையாக யோகா படிப்போம் என்று மச்சாளும் நானும் கணக்குப் போடத் தொடங்கியது அதனால்தான்.

பக்கத்திலேயே அறுகம்பே இருக்கிறதே என்பார்கள். சர்ஃபிங் பருவத்தில் வெள்ளைக்காரருக்காக நடக்கும் வகுப்புகள் அவை. கடற்காற்றும் நல்லது, கையும் காலும் நீட்டலாம். இடுப்புக்கு விடை கிடைக்காது. ரிஷிகேசத்தையும் தள்ளிவைத்தோம். தெரிந்த தங்கச்சி ஒருத்தி அங்கே ஒரு நிலையத்தில் நாலு கிழமையில் 200 மணித்தியாலக் கோர்ஸ் முடித்து வந்தாள். ஒரு கையில் சான்றிதழ், மற்றக் கை மணிக்கட்டில் பட்டி.

மிஞ்சியவை மூன்று.

மைசூர் என்றால் அஷ்டாங்கம், பட்டாபி ஜோயிஸ் (1915–2009) வளர்த்த வழி. எல்லாரும் ஒரே மண்டபத்தில் நிற்பார்கள், ஆனால் அவரவர் மூச்சுக்கு அவரவர் செய்வார்கள். ஆசிரியர் நடந்து வந்து தோளை அமர்த்துவார், காலைத் திருப்புவார். ஒரு ஆசனம் படிந்தால்தான் அடுத்தது. கிழமைக்கு ஆறு நாள், அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஓய்வு. போயா லீவு பழகிய நமக்கு இது மட்டும் புதிதில்லை! கட்டுப்பாடு பிடிக்கும், உடம்பும் இளசு என்றால் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒரு மாதமாவது இருந்தால்தான் பலன். திரும்பி வந்தால் தினமும் ஒன்றரை மணித்தியாலம் வேண்டும். பிள்ளைக்குச் சாப்பாடு கட்டி ஏழு மணிக்கு பஸ் பிடிக்கிறவளுக்கு அது எங்கே?

நெய்யாறு அணைக்கட்டுப் பக்கத்துச் சிவானந்த ஆச்சிரமம் திருவனந்தபுரத்திலிருந்து கிட்டத்தட்ட 30 கிலோமீற்றர். பெயரைச் சொன்னதும் மாமி கேட்டது, “என்னகா, நம்மட பள்ளிக்கூடத்துச் சிவானந்தரா?” இல்லை. விபுலாநந்த அடிகள் கல்லடி உப்போடையில் தொடங்கிய சிவானந்த வித்தியாலயத்தின் பெயருக்குரியவர் இராமகிருஷ்ணரின் நேரடிச் சீடர். இவர் ரிஷிகேசத்துச் சிவானந்தர், மலாயாவில் டொக்டராக இருந்தவர், பிறந்தது திருநெல்வேலிப் பக்கம் பத்தமடை. பாய்க்குப் பேர்போன ஊரில் பிறந்தவர் என்பதில் எனக்கொரு தனிச் சந்தோஷம். அவருடைய சீடர் விஷ்ணுதேவானந்தர்தான் நெய்யாறு ஆச்சிரமத்தை நிறுவினார்.

அங்கே யோசிக்க ஒன்றும் மிச்சமில்லை. விடியமுன் மணி அடிக்கும். தியானம், பஜனை, நாளுக்கு இரண்டு ஆசன வகுப்பு, இரண்டு வேளைச் சாப்பாடு. பன்னிரண்டு அடிப்படை ஆசனங்களைத்தான் திரும்பத் திரும்பச் செய்வார்கள். வெங்காயம், உள்ளி, முட்டை, தேத்தண்ணி எதுவும் கிடையாது. இரண்டு கிழமை போதும், தங்குமிடமும் சாப்பாடும் ஒரே கட்டணத்தில் அடங்கும். தனியாகப் போகிற பொம்பிளைகளுக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் கூட்டத்தோடு செய்யும் வகுப்பில் என் இடுப்பு ஒருத்தருடைய கண்ணில் படுவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

சென்னையில் கிருஷ்ணமாச்சாரிய யோக மந்திரம். பட்டாபி ஜோயிசும், புனேயில் யோகா படிப்பித்த பி.கே.எஸ். ஐயங்காரும் கிருஷ்ணமாச்சாரியாரிடம் (1888–1989) படித்தவர்கள்தான். இது அவருடைய மகன் தேசிகாச்சார் 1976இல் தொடங்கியது. ஒருவருக்கு ஒரு ஆசிரியர் என்பது இந்த வழியின் அடையாளம். வயது, வேலை, வருத்தம், வீட்டில் கிடைக்கும் நேரம் எல்லாம் விசாரித்து, மூச்சை முன்னிறுத்தி உங்களுக்கென்று ஒரு ஒழுங்கை அமைப்பார்கள். அரை மணித்தியாலம்தான் இருக்கிறது என்றால் அந்த அரை மணித்தியாலத்துக்குத்தான் பாடம்.

என் முடிவு சென்னை. இன்னொரு காரணம் மொழி. இடுப்பு ‘உளையுது’ என்பது வேறு, ‘குத்துது’ என்பது வேறு, ‘கொழுவுது’ என்பது முற்றிலும் வேறு. ஆங்கிலத்தில் எனக்கு மூன்றும் ஒரே சொல். சென்னையில் ‘உளைவு’க்கு முழிப்பார்கள்தான், இரண்டு வசனத்தில் விளக்கிவிடலாம். குறை இல்லாமலில்லை. தங்குமிடம் நாமே தேடவேண்டும், ஓட்டோக்காரரோடு மல்லுக்கட்ட வேண்டும், ஒரு மணித்தியாலப் பாடம் முடிந்தால் மிச்ச நாள் முழுக்க வெறும் நாள். கால் தானாகத் தி. நகர் சேலைக்கடைப் பக்கம் போகும், காசும் போகும்.

மூன்றில் எதுவென்றாலும் குறுகிய காலப் பயிற்சிக்கு இந்திய சுற்றுலா இ-விசா போதும். பயணத்தில் கஷ்டமான பகுதி மட்டக்களப்பிலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையம் வரை போகிற இரவுதான். அங்கிருந்து சென்னைக்கு ஒன்றரை மணித்தியாலம் கூட இல்லை.

மச்சாள் நெய்யாறு என்று நிற்கிறாள். அவள் ரீச்சர், பள்ளிக்கூட விடுமுறைக்குள் போய் வரவேண்டும். “எனக்கு ஆரும் மணி அடிச்சு எழுப்பினாத்தான் சரிவரும். மறுகா வீட்டில ஆர் எழுப்புற?” என்றாள். அவளுக்கு அதுதான் பொருத்தம், நான் மறுக்கவில்லை. போன திங்கள் தொடக்கம் காலைத் தேத்தண்ணியை விட்டுப் பார்க்கிறாள். புதன்கிழமை தலையிடி தாங்காமல் எங்கள் வீட்டுக்கு வந்து, ஒன்றும் பேசாமல் கேத்தலை அடுப்பில் வைத்தாள்.