பிராகில் எந்த பீர்? பில்ஸ்னர், பூத்வார், ஸ்தாரோப்ராமென், கோசெல்: ஓர் ஒப்பீடு

பிராக் நகரத்து பப் ஒன்றில் நுழையும்போது பீரின் பெயரைப் பார்ப்பதற்கு முன் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். அங்கே பீர் டேங்கிலிருந்து வருகிறதா, பீப்பாயிலிருந்து வருகிறதா என்பது ஒன்று. பெயருக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் எண் 10ஆ, 11ஆ, 12ஆ என்பது மற்றொன்று. இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் கிளாஸில் வரப்போவது என்ன என்பது பாதி தெரிந்த மாதிரிதான்.

எண்ணைப் பற்றி முதலில். 12 என்று பார்த்ததும் பன்னிரண்டு சதவீத ஆல்கஹால் என்று நினைத்துப் பயப்படுகிறவர்கள் நிறைய. அது ஆல்கஹால் அளவே இல்லை. நொதிக்க விடுவதற்கு முன், மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) கரைந்த சாறு 100 கிராமில் எத்தனை கிராம் கரைபொருள், அதாவது பெரும்பாலும் மால்ட் சர்க்கரை, இருந்தது என்பதைச் சொல்லும் எண். பிராகில் பேராசிரியராக இருந்த கார்ல் பாலிங் 19ஆம் நூற்றாண்டில் வகுத்த அளவுமுறை இது. 10 டிகிரி பீரில் ஆல்கஹால் 4 சதவீதத்தை ஒட்டியும், 12 டிகிரியில் 5 சதவீதத்தை ஒட்டியும் இருக்கும். பத்துக்கு ‘தேசீத்கா’, பன்னிரண்டுக்கு ‘த்வனாத்ஸ்த்கா’ என்று பெயர். 7 முதல் 10 வரை ‘வீச்செப்னி’, 11, 12 என்றால் ‘லெஜாக்’ என்று எழுதியிருப்பார்கள். ‘ஸ்வெத்லே’ வெளிர்நிறம், ‘த்மவே’ கறுப்பு, ‘போலோத்மவே’ இரண்டுக்கும் நடுவே செம்பழுப்பு.

பில்ஸ்னரா, பூத்வாரா?

போட்டி உண்மையில் இந்த இரண்டுக்கும்தான். மற்றவை பிறகு.

பில்ஸ்னர் உர்க்வெல், பிராகுக்கு மேற்கே உள்ள பில்சென் நகரத்து பீர். 1842இல் பவேரியாவைச் சேர்ந்த யோசெஃப் க்ரோல் அங்கே காய்ச்சிய பொன்னிற லாகர்தான் (லாகர் என்பது குளிரில் மெல்ல நொதிக்கவிடும் பீர் வகை) உலகெங்கும் ‘பில்ஸ்னர்’ என்ற பெயரில் விற்கப்படும் எல்லாவற்றுக்கும் மூலம். பூத்வார், தெற்கே செஸ்கே புதெயோவிட்ஸே நகரத்தில் 1895இல் தொடங்கிய ஆலையின் பீர். அந்த ஆலை இன்றும் செக் அரசின் சொத்து. அமெரிக்க பட்வைசருடன் பல பத்தாண்டுகளாகப் பெயருக்காக வழக்காடி வருவதும் இதுவே.

இரண்டிலும் இருப்பது ஸாட்ஸ் பகுதி ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ), செக் மால்ட், தண்ணீர், ஈஸ்ட். இரண்டுமே 12 டிகிரியை ஒட்டியவை. இருந்தும் பில்ஸ்னரில் ஆல்கஹால் 4.4 சதவீதம், பூத்வாரில் 5. வித்தியாசம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. பில்ஸ்னரில் சர்க்கரையில் ஒரு பங்கு நொதிக்காமல் தங்கிவிடுகிறது. அதனால் ஆல்கஹால் குறைகிறது, வாயில் கனம் கூடுகிறது. அந்தக் கனத்தைச் சமன்செய்யத்தான் கசப்பு அலகு 40ஐ ஒட்டிப் போகும் அளவுக்கு ஹாப்ஸ் சேர்க்கிறார்கள். மால்ட் கூழின் ஒரு பகுதியைத் தனியே எடுத்துக் கொதிக்கவைத்து மறுபடி சேர்ப்பதை மூன்று முறை செய்வதால் ரொட்டி மேலோட்டின் வாசனையும் வருகிறது. லேசான வெண்ணெய் மணம் ஒன்றும் இருக்கும். டயாசெட்டில் என்ற சேர்மம் அதற்குக் காரணம். பல நாட்டு பீர்களில் அதைக் குறையாகக் கருதுவார்கள். பில்ஸ்னரில் அது கொஞ்சமாக இருப்பது அதன் இயல்பு. ஆனால் வெண்ணெய் மணம் மட்டுமே தூக்கி, கூடவே புளிப்பும் தட்டினால் அது பீரின் குணமில்லை, குழாய் கழுவப்படாத பப்பின் குணம். திருப்பிக் கொடுக்கத் தயங்க வேண்டாம்.

பூத்வாரில் சர்க்கரை இன்னும் நன்றாக நொதித்துவிடுகிறது. கசப்பு பில்ஸ்னரில் ஏறத்தாழ பாதிதான். குளிர்ந்த நிலவறையில் 90 நாள் கிடந்து முதிர்வதால் கரடுமுரடான வாசனைகள் போய் சுத்தமாக இருக்கும். முதல் மிடறில் மால்ட்டின் இனிப்பு, முடிவில் மெல்லிய கசப்பு, அவ்வளவே. கசப்பு பிடிக்காதவர், இந்தியாவில் வெளிர் லாகர் மட்டும் குடித்துப் பழகியவர் பூத்வாரில் தொடங்குவது சரி. ஆனால் இரண்டு, மூன்று கிளாஸ் என்று நீளும் மாலைக்கு பில்ஸ்னர்தான். கசப்பு நாக்கை ஒவ்வொரு மிடறிலும் துடைத்துவிடுகிறது. ஆல்கஹாலும் குறைவு. இந்த ஒப்பீட்டில் பில்ஸ்னரை முதலிடத்தில் வைக்கிறோம், ஒரு நிபந்தனையோடு: அது டேங்கிலிருந்து வர வேண்டும்.

டேங்க் ஏன் முக்கியம்

கடையில் கிடைக்கும் பில்ஸ்னர் பாட்டில் பாஸ்ச்சரைஸ் செய்யப்பட்டது. சூடு காட்டியதில் ஹாப்ஸின் புத்துணர்வு கொஞ்சம் போய்விடும். டேங்க் பீரை, செக் மொழியில் ‘தாங்கோவே பிவோ’வை, சூடு காட்டாமல் லாரியில் கொண்டுவந்து பப்பில் குளிரூட்டிய எஃகு டேங்குக்குள் இருக்கும் ஒரு பெரிய பிளாஸ்டிக் பையில் நிரப்புகிறார்கள். பைக்கும் டேங்குக்கும் இடையே காற்றை அழுத்தினால் பை சுருங்கி பீர் குழாய்க்கு வரும். காற்று பீரைத் தொடுவதே இல்லை, பீரைத் தள்ள கூடுதல் கார்பன் டைஆக்சைடும் தேவையில்லை. அதனால்தான் டேங்க் பில்ஸ்னர் வயிற்றை உப்பச் செய்யாமல் மென்மையாக இறங்குகிறது.

இதில் ஒரு ஆபத்து உண்டு. சூடு காட்டாத பீர் திறந்த சில நாளில் தீர வேண்டும். ஐந்நூறு, ஆயிரம் லிட்டர் டேங்க் வைத்துக்கொண்டு ஆளில்லாமல் கிடக்கும் பப்பைவிட, பீப்பாய் பீரே வைத்தாலும் உள்ளூர்க்காரர்கள் நிரம்பி வழியும் பப் மேல். கூட்டமும் டேங்கும் சேர்ந்திருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

பச்சை பாட்டில் பற்றியும் ஒரு வார்த்தை. பில்ஸ்னர், பூத்வார், ஸ்தாரோப்ராமென் எல்லாம் பச்சைக் கண்ணாடியில் வருகின்றன. பச்சைக் கண்ணாடி ஒளியை முழுதாகத் தடுக்காது. ஒளி பட்டால் ஹாப்ஸின் கசப்புச் சேர்மங்கள் உடைந்து, கந்தகம் கலந்த ஒரு கெட்ட வாடை வரும். கடை ஜன்னலில் வெயிலிலோ ட்யூப்லைட்டிலோ நின்ற பாட்டிலை வைத்து இந்த பீர்களை மதிப்பிடாதீர்கள். அறைக்கு வாங்கிப் போவதென்றால் கேன் வாங்குங்கள்.

ஊற்றும் விதம்

ஒரே குழாய், ஒரே பீர், ஆனால் ஊற்றும் முறையால் ருசி மாறும். நல்ல பப்பில் கிளாஸைக் குளிர்ந்த நீரில் அலசி, பக்கவாட்டில் திரும்பும் குழாயை முதலில் பாதி மட்டும் திறந்து ஈரமான, அடர்ந்த நுரையை அடியில் விடுவார்கள். பிறகு குழாயின் மூக்கை நுரைக்குள்ளேயே வைத்து முழுதாகத் திறந்து பீரை நிரப்புவார்கள். நுரை மேலே மிதந்து பீரைக் காற்றிலிருந்து காக்கும். இதுவே ‘ஹ்லாதிங்கா’, சாதாரணமாகக் கேட்டால் வருவது. மேலே மூன்று விரல் நுரை நிற்கும். அளவில் ஏமாற்றுகிறார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம். கிளாஸில் உள்ள அளவுக் கோட்டைப் பாருங்கள்.

‘ஷ்னித்’ என்பது பெரிய கிளாஸில் இரண்டு விரல் பீர், மூன்று விரல் நுரை, மேலே ஒரு விரல் காலி. பல பீர்களை ருசிபார்க்க வந்தவருக்கு இதைவிட வசதியானது கிடையாது. அளவு குறைவு, நுரை தடிமனானதால் பீர் கெடாமல் இருக்கும். ‘ம்லீக்கோ’ என்றால் கிளாஸ் முழுக்க ஈர நுரைதான். இனிப்பாக இருக்கும். ஒரு நிமிடத்துக்குள் குடித்துவிட வேண்டும், வைத்துப் பேசிக்கொண்டிருந்தால் வடிந்து சப்பென்று ஆகிவிடும். மாலையின் கடைசி கிளாஸாகக் கேட்கலாம்.

ஸ்தாரோப்ராமென், கோசெல்

ஸ்தாரோப்ராமென் மட்டும்தான் இந்த நான்கில் பிராகுக்குள்ளேயே காய்ச்சப்படுவது. ஸ்மீஹோவ் பகுதியில் 1869இல் நிறுவிய ஆலை, இப்போது மோல்சன் கூர்ஸ் நிறுவனத்தின் கையில். லெஜாக் 5 சதவீதம். குற்றம் சொல்ல ஏதுமில்லை, நினைவில் நிற்கவும் ஏதுமில்லை. பில்ஸ்னரின் கசப்பும் இல்லை, பூத்வாரின் வழவழப்பும் இல்லை. ஆலையை ஒட்டிய நா வெராந்தாக் பப்பில் குடித்தால் மட்டும் ஒரு படி மேலே போகும். வடிகட்டாத வகையில் கொத்தமல்லி விதை சேர்க்கிறார்கள். அதை லாகராக நினைத்துக் குடித்தால் ஏமாற்றம்தான்.

வெல்கோபோபோவிட்ஸ்கி கோசெலின் வெளிர் பீரை விட்டுவிடுங்கள். கறுப்பு கோசெல்தான் விஷயம். 3.8 சதவீதம் மட்டுமே, கருகிய சர்க்கரையின் ருசி, கசப்பு மிகக் குறைவு. கறுப்பு என்றாலே கடுமை என்று ஒதுங்குகிறவர்கள் இதில் மனம் மாறுவார்கள். வெளிரும் கறுப்பும் சரிபாதியாக ஊற்றிய ‘ரெஸனே’வும் கேட்டால் கிடைக்கும்.

ஆலையோடு சேர்ந்த பப்கள்

கறுப்பு பீரின் முழுக் கனம் வேண்டுமென்றால் க்ரெமென்ட்ஸோவா தெருவில் உ ஃப்லெகூ. 1499 முதல் பீர் காய்ச்சும் இடம். 13 டிகிரி கறுப்பு லாகர், காபித்தூள், வறுத்த ரொட்டி வாசனையோடு. சுற்றுலாக் கூட்டம் அதிகம், விலையும் அதிகம், ஆனாலும் அந்த பீருக்காக ஒரு கிளாஸ் குடித்தே ஆக வேண்டும். ஸ்த்ரஹோவ் மடத்தின் ஆலையில் செம்பழுப்பு ‘ஸ்வதி நோர்பெர்ட்’ நன்றாக இருக்கும். 22ஆம் எண் ட்ராமில் போஹோர்ஷெலெட்ஸ் நிறுத்தத்தில் இறங்கினால் நடை தூரம். சுற்றுலாப் பயணிகளிடமிருந்து தள்ளிப் போக நினைப்பவருக்கு வினோஹ்ராடியில் கொருன்னி தெருவிலுள்ள வினோஹ்ராட்ஸ்கி ஆலையின் 11 டிகிரி. நகரத்துக்கு வெளியே உனியெடிட்ஸே கிராமத்தில் 2011இல் மீண்டும் உயிர்பெற்ற ஆலையின் பீரை பிராகின் சில பப்களிலும் காணலாம். கண்ணில் பட்டால் விடாதீர்கள். பெரிய ஆலைகளின் 10 டிகிரியோடு ஒப்பிட்டால் உனியெடிட்ஸே 10 எவ்வளவோ மேல்.

ஒரே மாலையில் ஒப்பிட்டுப் பார்க்க

பெரும்பாலான பப்கள் ஒரே ஆலையோடு ஒப்பந்தம் போட்டவை. ஒரே மேசையில் பில்ஸ்னரையும் பூத்வாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடிப்பது கடினம், நடந்துதான் ஒப்பிட வேண்டும். மெட்ரோ பி தடத்தில் நாரோத்னி த்ரீதா நிலையத்தில் இறங்குங்கள். நா பெர்ஷ்டினே தெருவில் உ மெத்வீத்கூ, இங்கே பூத்வார். அங்கிருந்து சில நிமிட நடையில் உ பின்காசூ. 1843 முதல் பில்ஸ்னர் ஊற்றும் இடம், பிராகில் அதை முதலில் விற்றதும் இதுதான். திரும்பி வந்தால் உ ஃப்லெகூ. இன்னும் தெம்பிருந்தால் அதே தடத்தில் இரண்டு நிலையம் தள்ளி ஆன்டெல், அங்கே ஸ்தாரோப்ராமென். வரிசையை மாற்றாதீர்கள். பில்ஸ்னரை முதலில் குடித்தால் அதன் கசப்பு நாக்கில் தங்கி, பூத்வார் தண்ணீராகத் தெரியும். கறுப்பை முன்னால் குடித்தால் அதன் இனிப்பு இரண்டையும் கெடுக்கும்.

ஹுசோவா தெருவின் உ ஸ்லாதேஹோ திக்ரா பில்ஸ்னருக்குப் பேர்போனது. 1994 ஜனவரியில் செக் அதிபர் ஹவெல், அமெரிக்க அதிபர் கிளின்டனை அழைத்துப்போன பப். மதியம் மூன்று மணிக்குத் திறக்கும். வாடிக்கையாளர்களுக்கென்றே மேசைகள் ஒதுக்கப்பட்டிருப்பதால் திறக்கும் நேரத்துக்கு முன்பே வரிசையில் நின்றால்தான் இடம்.

கணக்கையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அரை லிட்டர் பில்ஸ்னரில் சுமார் 17 கிராம் ஆல்கஹால், பூத்வாரில் 20, கறுப்பு கோசெலில் 15. நம்மூரில் 8 சதவீதம் வரை போகும் 650 மில்லி ஸ்ட்ராங் பீர் ஒன்றில் 41 கிராம். அதில் பழகியவருக்கு முதல் இரண்டு கிளாஸ் ஒன்றுமே செய்யாதது போலத் தோன்றும். கிளாஸ் காலியானதும் கேட்காமலே அடுத்தது வந்து நிற்பதுதான் இங்கே வழக்கம். நான்காவது எப்போது வந்தது என்று தெரியாமல் போய்விடும். போதும் என்றால் கிளாஸுக்கு அடியில் வைக்கும் அட்டையை எடுத்து கிளாஸின் மேல் வைத்துவிடுங்கள். கார் ஓட்டுவதாக இருந்தால் ஒரு மிடறு கூடக் கூடாது. செக் நாட்டில் அனுமதி அளவு பூஜ்யம்.

வெறும் வயிற்றில் ஆரம்பிக்காதீர்கள். ‘உதோபெனெட்ஸ்’ என்பது ஊறவைத்த பன்றி சாஸேஜ், ‘குலாஷ்’ பெரும்பாலும் மாட்டிறைச்சி. இரண்டையும் தவிர்ப்பவர்களுக்கும் சைவர்களுக்கும் எண்ணெயில் ஊறிய ‘நக்லாதானி ஹெர்மெலீன்’ பாலாடைக்கட்டி கைகொடுக்கும், பில்ஸ்னரின் கசப்புக்குப் பொருத்தமும் அதுதான். பொரித்த பாலாடைக்கட்டியான ‘ஸ்மஜெனி சீர்’ வயிறு நிரப்பும், ஆனால் அதன் மாவுப் பூச்சில் முட்டை உண்டு.

குடித்த ஒவ்வொரு கிளாஸுக்கும் மேசையிலுள்ள சீட்டில் கோடு போடுவார்கள். அந்தச் சீட்டைத் தொலைக்கவோ கிறுக்கவோ கூடாது. மேசையில் முன்கூட்டியே வைத்திருக்கும் ப்ரெட்ஸெலும், தட்டில் ஏந்தி வந்து நீட்டும் சிறு கிளாஸ் மதுவும் இலவசமில்லை. வேண்டாமென்றால் உடனே சொல்லிவிடுங்கள். நகர மையத்தில் அரை லிட்டர் 60 முதல் 80 கொருனா (செக் நாணயம்) வரை நியாயமான விலை. பழைய நகரச் சதுக்கத்தின் ஓரத்தில் அதைவிட நிறையக் கேட்பார்கள். கார்டில் கட்டினால் இயந்திரம் ‘யூரோவா, ரூபாயா’ என்று கேட்கும்போது கொருனாவையே தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் மாற்று விகிதத்தில் இழப்பீர்கள்.

ஒரு நாள் மிச்சமிருந்தால் பில்சென் போய்வாருங்கள். பிராக் முக்கிய ரயில் நிலையத்திலிருந்து சுமார் ஒன்றரை மணி நேரம். ஆலையைச் சுற்றிக்காட்டும் நிகழ்ச்சி நிலவறையில் முடியும். ஓக் மரப் பீப்பாயிலிருந்து வடிகட்டாத, சூடு காட்டாத பில்ஸ்னரை அங்கே ஊற்றித் தருவார்கள். கொஞ்சம் கலங்கலாக, ஈஸ்ட் மணத்தோடு, பப்பில் குடித்ததைவிட முழுமையாக இருக்கும். ஆங்கில நேரங்களுக்கு முன்பதிவு செய்துகொள்ளுங்கள். நிலவறை கோடையிலும் குளிரும், ஒரு ஸ்வெட்டர் அவசியம்.