நாலாம் நம்பரை முதலில் எடுங்கள்

பிழை திருத்துவது என் தொழில். எந்தப் புத்தகத்தைப் பிரித்தாலும் கதை கண்ணில் படுவதற்கு முன்னால் எழுத்துப் பிழை கண்ணில் பட்டுவிடும். 'தி மேன் ஃப்ரம் அங்கிள்' என்ற உளவாளி டிவி தொடரையொட்டி ஏஸ் புக்ஸ் என்ற அமெரிக்கப் பதிப்பகம் வெளியிட்ட நாவல்களில் நாலு பழைய பிரதிகள் கிடைத்தபோதும் வழக்கம்போலப் பென்சிலும் கையுமாகத்தான் உட்கார்ந்தேன். அந்தப் பென்சிலுக்கு வேறு ஒரு வேலை காத்திருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

தொடரைப் பார்க்காதவர்களுக்காக இரண்டு வரி. 1964 முதல் 1968 வரை அமெரிக்காவில் என்பிசி சேனலில் ஓடியது. நெப்போலியன் சோலோ அமெரிக்கர், இல்யா குரியாகின் ரஷ்யர். பனிப்போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே இருவரும் அங்கிள் என்ற ஒரே உளவு அமைப்பில், வேவர்லி என்ற ஒரே கிழவரிடம் வேலை பார்த்தார்கள். நியூயார்க்கில் ஒரு தையல்கடைக்குள் நுழைந்தால் அதன் பின்சுவருக்கு அப்பால் தலைமையகம். எதிரிக் கூட்டத்துக்குப் பெயர் த்ரஷ். தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போதே 1965இல் நாவல்கள் வர ஆரம்பித்தன. மொத்தம் 23. டிவியில் வந்ததைத் திருப்பி எழுதாமல் எல்லாவற்றுக்கும் புதுக் கதை. எழுதிய கைகள் பல என்பதால் தரம் ஏறி இறங்கும்.

முதல் நம்பர் மைக்கேல் அவலோன் எழுதிய 'தி தௌசண்ட் காஃபின்ஸ் அஃபேர்'. ஆரம்பம் நன்றாகத்தான் இருக்கிறது. ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில் சக உளவாளி ஒருவர் செத்துக் கிடக்கிறார், உடுப்பு எல்லாம் முன்பின்னாக மாட்டியிருக்கிறது. ஏன் என்று நாமும் யோசிக்கிறோம். ஆனால் மனிதர் உவமை போடும் வேகம் தாங்கவில்லை. ஒரு கதவு திறந்தால்கூட அதற்கு ஒரு உவமை. என் வேலையாக இருந்திருந்தால் பக்கத்துக்கு மூன்று வாக்கியமாவது அடித்திருப்பேன். தவிர, இது பெரும்பாலும் சோலோவின் கதை. இல்யாவுக்காக வாங்குகிறவர்கள் (நானும் அந்தக் கட்சிதான்) ஏமாறுவார்கள்.

நாலாம் நம்பர், டேவிட் மெக்டேனியல் எழுதிய 'தி டாகர் அஃபேர்', வேறு ஜாதி. சுற்றியிருக்கும் சக்தி அனைத்தையும் ஓயவைக்கும் ஒரு கருவி. விளக்கு அணையும், எஞ்சின் நிற்கும், அளவைக் கூட்டினால் உயிரும் நிற்கும். அதைக் கையில் வைத்திருப்பவனுக்குப் பணமும் வேண்டாம், பதவியும் வேண்டாம், எல்லாம் தொலைந்தால் போதும். அதனால் த்ரஷ் பதறிப்போய் அங்கிள்காரர்களோடு கைகோக்கிறது. உலகத்தை ஆள ஆசைப்படுகிறவனுக்கு ஆள்வதற்கு ஒரு உலகம் மிஞ்ச வேண்டுமே! த்ரஷின் சான் ஃபிரான்சிஸ்கோ தலைவர் வார்ட் பால்ட்வின், எதிரியிடம்கூட மரியாதை குறையாமல் பேசுகிற பெரியவர். அவரும் மனைவி ஐரீனும் வரும் பக்கங்களை மட்டும் இரண்டாம் தடவை படித்தேன். துப்பாக்கிச் சண்டைகளைத் திரும்பப் படிக்கத் தோன்றவில்லை.

தொடரில் த்ரஷ் என்றால் என்ன என்று கடைசிவரை சொல்லவே இல்லை. அந்த ஆறு ஆங்கில எழுத்துகளுக்கும் விரிவு கண்டுபிடித்துக் கொடுத்தது இந்த நாவல்தான். தமிழில் சொன்னால், வேண்டாதவர்களை ஒழித்து மனிதகுலத்தை அடிமைப்படுத்துவதற்கான தொழில்நுட்ப அமைப்பு என்று வரும். ரசிகர்கள் அதையே பிடித்துக்கொண்டார்கள். கூலிக்கு எழுதவந்தவர், மூலக்கதைக்காரர்கள் விட்டுவைத்த ஓட்டையை அடைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஆறாம் நம்பர் 'தி வாம்பயர் அஃபேர்' ட்ரான்சில்வேனியாவில் நடக்கிறது. ரத்தக்காட்டேரிக் கதை என்று பெயர். ஆனால் நடுவில் சுற்றுலாப் பயணியாக ஃபாரஸ்ட் ஜே. ஆக்கர்மேன் வந்து நிற்கிறார். திகில் படப் பத்திரிகை நடத்திய நிஜ மனிதர். தெரிந்தவர்களுக்குச் சிரிப்பு வரும், தெரியாவிட்டாலும் கதை நிற்காது. பொழுதுபோகும், அவ்வளவுதான்.

இப்போது பென்சில். எட்டாம் நம்பரான 'தி மான்ஸ்டர் வீல் அஃபேர்', இதுவும் மெக்டேனியல் எழுதியதுதான், பூமியைச் சுற்றும் ஒரு ராட்சதச் சக்கரத்தைப் பற்றியது. கதை சுமாருக்குக் கொஞ்சம் மேல். ஆனால் அத்தியாயத் தலைப்புகளின் முதல் எழுத்துகளைச் சேர்த்துப் பாருங்கள் என்று நண்பர் ஒருவர் சொல்லியிருந்தார். ஒவ்வொரு அத்தியாயமாகப் புரட்டி, பின்னட்டையின் உள்பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தேன். பதினாறு அத்தியாயம், பதினாறு எழுத்து. 'ஏ. ஏ. வின் ஒரு கஞ்சன்' என்று ஆங்கிலத்தில் வந்தது. ஏ. ஏ. வின் வேறு யாருமில்லை, ஏஸ் புக்ஸின் முதலாளி! முதலாளியின் காசிலேயே அவரை வைது அச்சேற்றியிருக்கிறார். அங்கே அச்சுப்படி பார்த்தவர் இதைக் கவனிக்கவில்லையா, கவனித்தும் வாயைத் திறக்கவில்லையா? நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்பதை இங்கே எழுத மாட்டேன். என் முதலாளியும் விமர்சனங்கள் படிப்பார்.

பிரதிகளின் நிலை பற்றியும் சொல்ல வேண்டும். 'நல்ல நிலை' என்று விற்றவர் சொன்னார். எனக்கு வந்த முதல் நம்பர் நாற்பதாம் பக்கத்தைத் தாண்டும் முன்பே முதுகு பிளந்து இரண்டாகிவிட்டது. அறுபது வயதுப் பசை. ஐம்பது சென்ட்டுக்கு விற்ற மலிவுத்தாள். எழுத்தும் பொடி, கண்ணாடி இல்லாமல் முடியாது. வாங்குவதானால் பிரித்துவைத்த நிலையில் முதுகின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். அட்டைப்படத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். வந்த பிறகு தொண்ணூறு டிகிரிக்கு மேல் விரிக்காமல் படியுங்கள்.

வரிசை எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை, ஒவ்வொன்றும் தனிக்கதை. ஒன்றே ஒன்று வாங்குகிறவர் நாலாம் நம்பரை வாங்கலாம். இரண்டாவதாக எட்டு, கூடவே ஒரு பென்சில். அவலோனை யாராவது இலவசமாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். பால்ட்வின் தம்பதி பதினேழாம் நம்பரில் திரும்ப வருகிறார்கள் என்று தெரிந்ததிலிருந்து அதைத் தேடிக்கொண்டிருக்கிறேன். இந்தத் தடவை முதுகின் படத்தைக் கேட்டாயிற்று.