பிஸ்ஸிங்கா, பால்கன்ஹவுசனா?

இரு உலகப் போர்களிலும் பெல்ஜியத்தை ஆக்கிரமித்து ஆண்ட ஜெர்மானியத் தளபதிகளில் யாரை முதலில் படிப்பது என்று தயங்குவோருக்காக.

பதவி: மோரிட்ஸ் வான் பிஸ்ஸிங், 1914 டிசம்பர் முதல் 1917இல் இறக்கும்வரை. அலெக்சாண்டர் வான் பால்கன்ஹவுசன், 1940 முதல் 1944 வரை.

முன்பு: பிஸ்ஸிங் பிரஷ்யக் குதிரைப்படை அதிகாரி. பால்கன்ஹவுசன் சீனாவில், அந்நாட்டுத் தலைவர் சியாங் கை-ஷேக்கின் ராணுவ ஆலோசகர்.

கறை: பிஸ்ஸிங் ஆட்சியில், 1915 அக்டோபர் 12 விடியலில் பிரிட்டிஷ் செவிலி எடித் கேவல் சுட்டுக் கொல்லப்பட்டார். பால்கன்ஹவுசன் ஆட்சியில் பெல்ஜிய நகரமான மெக்கலனிலிருந்து சுமார் 25,000 யூதர்கள் ரயிலேற்றப்பட்டார்கள், பெரும்பாலோர் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு. சீனப் பெண் சியான் சியூலிங் மன்றாடியபோது பால்கன்ஹவுசன் பிணைக்கைதிகளை விடுவித்தது உண்மைதான். அதற்காக அந்த ரயில்களை என்னால் மறக்க முடியவில்லை.

தண்டனை: பிஸ்ஸிங்குக்கு இல்லை. பால்கன்ஹவுசனுக்கு 1951இல் 12 ஆண்டு. மூன்றே வாரத்தில் விடுதலை.

பெல்ஜியத்தின் கென்ட் (Ghent) பல்கலைக்கழகத்தை டச்சு மொழிக்கு மாற்றிய மொழி அரசியல் வேண்டுமானால் பிஸ்ஸிங். மனசாட்சியின் சிக்கல் வேண்டுமானால் பால்கன்ஹவுசன்.