எல்என் 106 டபிள்கப்புக்கு லிஃப்ட் போட்டு மூண்டு வருசம்

கனபேர் கேட்டுக்கொண்டிருக்கிறியள், பழைய பிக்கப்புக்கு லிஃப்ட் போடலாமோ, அதாவது ஸ்பிறிங்கை மாத்தி வாகனத்தை உயத்தலாமோ, எத்தினை இஞ்ச் போடுறது, ஸ்பிறிங்கும் சொக் அப்சோபரும் சேந்து வாற கிட் எந்தக் கொம்பனியிலை நல்லம் எண்டு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லிச் சொல்லி வாய் நோகுது, அதாலை நான் பட்டதை ஒருக்கா வடிவா எழுதிவிடுறன்.

என்ரை வாகனம் 1994ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ் எல்என் 106. 2.8 லீற்றர் 3எல் டீசல் எஞ்சின், முன்னுக்கும் பின்னுக்கும் பிளேட் ஸ்பிறிங், முன் அச்சும் லொறிக்கு மாதிரி ஒரே துண்டு. புதுசு வாங்கலாமே எண்டு கேப்பியள், 2020 மார்ச்சிலை வாகன இறக்குமதியை நிப்பாட்டினது பேந்து 2025 பெப்ரவரியிலைதான் திறந்துவிட்டவை, அந்த அஞ்சு வருசத்துக்கை பழைய டபிள்கப் வித்த விலைக்கு முந்தி ஒரு வீடு கட்டியிருக்கலாம், அதாலை இருக்கிறதையே தேத்துவம் எண்டு இறங்கினனான். சோலி என்னெண்டா, வீடு கோப்பாயிலை, வயல் பூநகரியிலை. கோடையிலை வெங்காய மூட்டை ஏத்திக்கொண்டு சுன்னாகம் சந்தைக்குப் போறது, தார் ரோட்டுத்தான், பிரச்சினையில்லை. மாரியிலை வயலுக்குப் போற அந்தக் கடைசி மூண்டு கிலோமீற்றர்தான் வில்லங்கம், ரக்ரர் ஓடி ஓடி ரெண்டு பக்கமும் பள்ளமாகி நடு மண் மேடா எழும்பி நிக்கும், அதிலை வயிறு தட்டி ரெண்டு தரம் தொங்கி நிண்டிருக்கிறன், ரெண்டாந்தரம் இழுக்க வந்த ரக்ரர்க்காரப் பொடியன் காசு வாங்கேக்கை சிரிச்ச சிரிப்பு இன்னும் கண்ணுக்கை நிக்குது.

முதல் விட்ட பிழையைச் சொல்லுறன். 2021இலை ஒரு கராச்சிலை, பேர் வேண்டாம், 'உதுக்கேன் கிட், சக்கிளை நீட்டி ரெண்டு லொறிப் பிளேட்டைச் சேத்து விட்டா மூண்டு இஞ்ச் தூக்கும்' எண்டிச்சினம். சக்கிள் எண்டுறது பிளேட் ஸ்பிறிங்கின்ரை நுனியை வாகனத்து அடிச்சட்டத்திலை கொழுவுற துண்டு. மலிவெண்டு நானும் ஓம் எண்டிட்டன். சக்கிளை 2 இஞ்ச் நீட்டினா வாகனம் 1 இஞ்ச்தான் உயரும் எண்ட கணக்குக்கூட அப்ப எனக்குத் தெரியாது. மிச்ச உயரமெல்லாம் அந்த லொறிப் பிளேட்டாலை வந்தது. வெறும் வாகனமா ஓடேக்கை மாட்டு வண்டிலிலை போறமாதிரி, ஒரு சின்னக் கிடங்குக்கும் தலை கூரையிலை முட்டும், பின்பக்கம் துள்ளித் துள்ளி அங்காலை போய் விழும். அதையும் தாங்கலாம். தாங்கேலாமல் போனது ஸ்ரியறிங்.

சைக்கிளைப் பாருங்கோ, முன் சில்லைப் பிடிச்சிருக்கிற போக் நேரா நிக்கிறேல்லை, மேல்பக்கம் ஓடுறவனைப் பாத்துக் கொஞ்சம் சரிஞ்சு நிக்கும், அதாலைதான் கையை விட்டாலும் நேரா போகுது. வாகனத்து முன் அச்சுக்கும் அதே சரிவு இருக்கு, காஸ்ரர் எண்டுறது அதைத்தான். ஸ்பிறிங்கையும் சக்கிளையும் மாத்தினா அச்சு கொஞ்சம் உருளும், சரிவும் மாறும், அதைத் திருப்பி எடுக்க ஸ்பிறிங்குக்கும் அச்சுக்கும் இடையிலை ஆப்பு மாதிரி ஒரு பக்கம் தடிச்ச தட்டு வைக்கிறவை. எனக்கு வேலை செய்தவை அந்தத் தட்டை முன்பின் மாறி வைச்சுவிட்டினம், இருந்த சரிவும் போச்சு. நாவற்குழியாலை கேரதீவு ரோட்டிலை போய் சங்குப்பிட்டிப் பாலத்திலை ஏறினன், ஆடி மாசம், சோழகக் காத்து பக்கவாட்டிலை அடிக்குது, ஸ்ரியறிங்கை நேரா பிடிச்சிருக்கிறன், வாகனம் தன்ரை எண்ணத்துக்குப் போகுது. பாலம் 288 மீற்றர்தான் நீளம், அண்டைக்கு எனக்கு அது முடியவேயில்லை. பக்கத்திலை இருந்த மனுசி ஒரு கதையும் கதைக்கேல்லை, அதுதான் கூடப் பயமா இருந்தது.

அதுக்குப் பிறகுதான் கொக்குவில் பக்கம் ஒரு வயசுபோன மெக்கானிக் ஐயாவிட்டைப் போனனான். கீழை படுத்துப் பாத்திட்டு எழும்பி கையைத் துடைச்சுக்கொண்டு கேட்டார், "தம்பி, உயரம் எவ்வளவு எண்டு எல்லாரும் சொல்லுறியள், பாரம் எவ்வளவு எண்டு ஒருத்தரும் சொல்லுறியளில்லை. நீர் இதிலை என்ன ஏத்துறனீர்?" நான் வருசத்திலை பாதி நாள் வெறுமையாவும், மிச்சம் ஏழெட்டு மூட்டையோடையும் எண்டன். "அப்ப முதலிலை அதுக்கு ஸ்பிறிங் தேடும், உயரம் தன்ரைபாட்டிலை வரும்" எண்டார்.

இந்த ஒரு விசயம்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது. நல்ல கிட் விக்கிறவை ஒரே உயரத்துக்கே ரெண்டு மூண்டு விதமான பின் ஸ்பிறிங் வைச்சிருப்பினம், வெறுமையா ஓடுறதுக்கு ஒண்டு, 300 கிலோ மட்டிலை நெடுக ஏத்துறவைக்கு ஒண்டு, அதுக்கு மேலை ஏத்துறவைக்கு இன்னொண்டு. முன்னுக்கும் அப்பிடித்தான், இரும்பு பம்பரும், புதைஞ்சா இழுத்தெடுக்கிற வின்ச்சும் பூட்டினா பாரமான ஸ்பிறிங், இல்லாட்டி லேசானது. வீராப்புக்குப் பாரமானதை வாங்கிப் போட்டா 2 இஞ்ச் கிட் வெறும் வாகனத்திலை 3 இஞ்ச் தூக்கி நிக்கும், சொக் முழுக்க இழுபட்டு நிக்கும், சில்லு பள்ளத்துக்கை இறங்காது, இறங்காத சில்லு பிடிக்காது, பிறகு என்னத்துக்கு லிஃப்ட்? நான் நடுத்தரத்தை எடுத்தனான். ஓல்ட் மேன் ஈமு, டஃப் டோக், அயன்மேன் மூண்டும் அவுஸ்திரேலியா கொம்பனியள்தான், எது எண்டு சொன்னா இஞ்சை சண்டை தொடங்கிடும், அதாலை சொல்லேல்லை. மெல்பேணிலை இருக்கிற மச்சான் கப்பலிலை போட்டு விட்டவன், பெட்டி வந்து சேர மூண்டு மாசம், ஒரு பிளேட் கட்டைத் தூக்க ரெண்டு பேர் வேணும்.

பூட்டேக்கை கவனிச்சதுகள். ஸ்பிறிங்கை அச்சோடை கட்டுற பழைய யூ போல்ட்டைத் திருப்பிப் போடக்கூடாது, அது ஒருக்கா இழுபட்டது இழுபட்டதுதான். ஸ்பிறிங் நுனியிலை இருக்கிற புஷ் போல்ட்டுகளை வாகனம் ஜாக்கியிலை நிக்கேக்கை கடைசி முறுக்கு முறுக்கக்கூடாது, சில்லிலை பாரம் விழுந்தாப் பிறகுதான் முறுக்கவேணும், இல்லாட்டி புஷ் முறுகினபடியே கிடந்து கெதியா பிஞ்சுபோகும். 500 கிலோமீற்றர் ஓடினாப் பிறகு யூ போல்ட்டை எல்லாம் திருப்பி இறுக்கினம், எனக்கு ஒவ்வொண்டும் கால் சுத்து அரைச் சுத்து போச்சு. முன் பிறேக் ஓஸ் நீளம் காணுமோ எண்டு சில்லைத் தொங்கவிட்டுப் பாக்கவேணும்.

பின் பிறேக் கதை தனி. இந்த வாகனத்திலை பின் அச்சிலையிருந்து ஒரு கம்பி சசியிலை, அதாவது அடிச்சட்டத்திலை, இருக்கிற ஒரு வால்வுக்குப் போகும். பாரம் ஏத்தினா சசி பதியும், கம்பி வால்வைத் தள்ளும், பின் பிறேக்குக்குக் கூட அழுத்தம் போகும், வெறுமையா இருந்தா குறையும், வெறும் வாகனத்திலை பின் சில்லு வழுக்காமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. நீங்கள் 2 இஞ்ச் தூக்கினா வால்வு என்ன நினைக்கும்? வாகனம் எப்பவும் வெறுமை எண்டு நினைக்கும். நெல்லு மூட்டையோடை வரேக்கையும் பின் பிறேக் அரைவாசிதான் பிடிக்கும், முழுப் பாரத்தையும் முன் பிறேக் சுமக்கும். கராச்சுக்காரர் செய்த முதல் வேலையிலை எட்டு மாசத்திலை முன் பிறேக் பாட் தேஞ்சது ஏனெண்டு எனக்கு அப்பதான் விளங்கினது. கொக்குவில் ஐயா ஒரு தட்டு வெட்டி அந்தக் கம்பியின்ரை பிடியை அதே அளவுக்கு உயத்திவிட்டார், அரை மணித்தியால வேலை. லிஃப்ட் போட்ட கனபேருக்கு இது தெரியாது, நீங்கள் போட்டிருந்தா நாளைக்கே கீழை குனிஞ்சு பாருங்கோ.

இன்னொரு ஏமாத்தம், சசி உயருது, டிஃப், அதாவது அச்சு நடுவிலை இருக்கிற பல்லுச்சக்கரப் பெட்டி, உயராது. நடு மண் மேட்டிலை முதல் முட்டுறது டிஃப் முட்டிதான், அது அச்சோடை கிடக்கிற சாமான், ஸ்பிறிங்கை எத்தினை இஞ்ச் தூக்கினாலும் அது அந்த இடத்திலைதான். ரயர் பெருப்பிச்சாத்தான் அது உயரும், அதுவும் விட்டத்திலை 2 இஞ்ச் கூட்டினா 1 இஞ்ச்தான். நான் 31 இஞ்ச் ரயர் போட்டனான், உண்மையைச் சொன்னா லிஃப்ட்டின்ரை பாதிப் பிரயோசனம் அந்த ரயர் உரசாமல் சுத்த இடம் குடுத்ததுதான். மணற்காட்டுப் பக்கம், சுண்டிக்குளம் பக்கம் மணலுக்கை போறதுக்கு லிஃப்ட்டே தேவையில்லை, ரயர் காத்தை 18 பீஎஸ்ஐக்கு இறக்கினா காணும், திரும்பி வரேக்கை அடிக்க ஒரு பம்ப் கொண்டுபோங்கோ.

2024 நவம்பர் வெள்ளத்திலை உயரம் உண்மையாவே உதவினது, வயல் ரோட்டிலை சில்லு முக்கால்வாசி தாழ ஓடி வந்தன், எஞ்சினுக்குத் தண்ணி போகேல்லை. ஆனா ஓடிச் சூடான டிஃப் குளிர் தண்ணிக்கை இறங்கினா உள்காத்து சுருங்கி, மூச்சுக் குழாயாலையும் சீலாலையும் தண்ணியை உள்ளுக்கு இழுக்கும். எனக்குப் பின் டிஃப் எண்ணெய் தேத்தண்ணி நிறத்திலை வந்தது. அந்த மூச்சுக் குழாயை ஒரு றப்பர் ஓஸ் போட்டு எஞ்சின் உயரத்துக்கு ஏத்திவிட நூறு ரூபா சாமான் காணாது, முன்னூறு எண்டு வையுங்கோ, அதை நான் வெள்ளத்துக்குப் பிறகுதான் செய்தனான், வேறை என்ன சொல்ல.

இப்ப மூண்டு வருசம், ஐம்பதாயிரம் கிலோமீற்றர் மட்டிலை. 2 இஞ்ச் எண்டு போட்டது ஆறு மாசத்திலை ஒண்டரைக்குப் பதிஞ்சு அதிலையே நிக்குது, அது நல்ல உயரம், எனக்கு அதுக்குமேலை வேண்டாம். உப்புக் காத்துத்தான் எதிரி. புங்குடுதீவுப் பக்கம் போய் வந்தா அண்டைக்கே கீழை நல்ல தண்ணியாலை கழுவவேணும், இல்லாட்டி பிளேட்டுக்கும் பிளேட்டுக்கும் இடையிலை கறள் பூந்து உரசுப்பட்டுக் கத்தத் தொடங்கும். புஷ் கத்துறது வேறை சத்தம், அதுக்கு வருசத்துக்கு ரெண்டுதரம் கழட்டி கிறீஸ். எனக்கு இப்ப சத்தத்தைக் கேட்டே எது எண்டு சொல்லத் தெரியும்.

நட்டத்தையும் சொல்லவேணும். முன் லைற் மேலை பாக்குது எண்டு எனக்குத் தெரியாமல் ஆனையிறவிலை எதிரை வந்த அவ்வளவு பேரும் லைற் அடிச்சுப் பேசிச்சினம், லிஃப்ட் போட்டண்டைக்கே இறக்கியிருக்கவேணும். அம்மாவுக்கு 74 வயசு, ஏறேலாது, பின்னாலை ஒரு பலகை வாங்கு நெடுகக் கிடக்கும், கோயிலடியிலை அதை இறக்கி வைக்கேக்கை சனம் பாக்கும். மூட்டை ஏத்துற பொடியள் 'அண்ணை, உங்கடை வாகனத்துக்கு மட்டும் கூலி கூட்டித் தாங்கோ' எண்டு கேட்டாங்கள், முதல் பகிடி எண்டு நினைச்சன், ஒரு நாள் நானே நாலு மூட்டை தூக்கிப் பாத்தன், அடுத்த நாளிலையிருந்து கூட்டிக் குடுக்கிறன். டீசலும் கொஞ்சம் கூடத்தான் குடிக்குது, அதுக்கு ரயரும் காரணம்.

திருப்பிப் போடுறதெண்டா அதே நடுத்தரப் பின் ஸ்பிறிங், முன்னுக்கு இன்னும் கொஞ்சம் லேசானது, ஏனெண்டா நான் கடைசி வரைக்கும் வின்ச் பூட்டேல்லை, பூட்டப்போறதுமில்லை. 4 இஞ்ச் எண்டு ஆசைப்படுற பொடியள், பிறேக் ஓஸ், புறொப்பெல்லர் சாஃப்ட், ஸ்ரியறிங் எல்லாத்துக்கும் காசு எடுத்து வைச்சிட்டு ஆசைப்படுங்கோ.

வலப்பக்கப் பின் சொக் இப்ப எண்ணெய் கசியத் தொடங்கியிருக்கு. மெல்பேண் மச்சான் நல்லூர்க் கொடியேத்தத்துக்கு வாறான், சூட்கேசுக்கை ரெண்டு சொக் வைச்சுக்கொண்டு வரச் சொல்லிப்போட்டன், அதாலை சொக்லேட்டுக்கு இடமில்லையாம், மனுசி ரெண்டு நாளா கதைக்கிறேல்லை.