தேசிக்கன்று: விதையா, ஒட்டா, பதியா?

மாரி தொடங்கினால் வன்னியில் கன்று தேடி அலையும் காலம். தேசிக்காய்க்கு மூன்று வழி உண்டு: விதைக்கன்று, ஒட்டுக்கன்று, மரத்துக் கொப்பிலேயே பொதி கட்டி வேர்விட வைத்து வெட்டி எடுக்கும் குண்டுப்பதி. எது முதலில் காய்க்கும் என்று கேட்டால் விதைக்கன்றுதான் பின்னுக்கு நிற்கும். பேச்சு பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். வைரஸை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

எலுமிச்சைக் குடும்பத்தின் பெரிய எதிரி திரிஸ்தேசா வைரஸ். 1930களில் ஆர்ஜென்டினாவிலும் பிரேசிலிலும் தோடை மரங்கள் இலட்சக்கணக்கில் பட்டுப்போனது இதனால்தான். அதன் மரபுப்பொருள் சுமார் 19,300 எழுத்து நீளமான ஆர்.என்.ஏ, அதில் ஒரு முனை எல்லா வகைகளிலும் ஏறத்தாழ ஒரே மாதிரி, மறுமுனையில்தான் பெரிய வித்தியாசம். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் வகை பிரிக்கிறார்கள். டி30 என்ற வகை சாது. விடி என்ற கூட்டத்தில் பொல்லாதவை பல. ஒரே மரத்தில் இரண்டு மூன்று வகை சேர்ந்தே குடியிருக்கும்.

ஒட்டும் பதியும் சறுக்குவது இங்கேதான். தாய்மரத்தில் இருப்பதெல்லாம் அப்படியே கன்றுக்கும் வந்துவிடும். விதை வழியே இந்த வைரஸ் கடப்பதில்லை. தேசி விதையில் முளைப்பதும் பெரும்பாலும் தாயின் அச்சுத்தான், ஆகவே இனம் மாறிவிடும் என்ற பயமும் அவ்வளவு தேவையில்லை.

அதற்காக விதைக்கன்று தப்பிவிட்டது என்றும் இல்லை. நோயுள்ள மரத்தில் சாறு குடித்த அழுக்கணவன் பூச்சி உங்கள் கன்றின் தளிரில் வந்து குந்தினால் சரி, கதை முடிந்தது. மரம் திடீரென்று படுவது புளித்தோடை அடிக்கட்டையில் ஒட்டிய தோடைக்கு வரும் வினை. தேசிக்கு வேறு வினை: சொந்த வேரில் நின்றாலும் பொல்லாத வகை தண்டைக் குழி குழியாக்கிவிடும்.

சாதாரண எலைசா சோதனை வைரஸ் இருக்கிறதா என்றுதான் சொல்லும். எந்த வகை என்று அறிய மரபணுச் சோதனை வேண்டும். சாது வகையை முன்கூட்டியே ஏற்றிக் காப்பதும் உண்டு, பிரேசில்காரர் அதில் கெட்டிக்காரர். ஆனால் காவல் அதே வகைக்கு மட்டும்தான். வேறு வகை வந்தால் தடுக்காது. வீட்டு வளவுக்கு அது சரிவராது.

என்னைக் கேட்டால் தேசிக்கு விதைக்கன்று, தோடைக்குச் சோதித்த தாய்மரத்து ஒட்டு. பதி வேண்டவே வேண்டாம். ஒட்டுத்தான் வேண்டும் என்றால் தாய்மரத்தை நேரில் போய்ப் பாருங்கள். இளம் இலையை வெயிலுக்குப் பிடித்தால் நரம்பு விட்டுவிட்டு வெளிறித் தெரிகிறதா, சிறு கொப்பின் பட்டையை உரித்தால் கட்டையில் ஊசியால் குத்தியது போல் பள்ளங்கள் இருக்கின்றனவா? இரண்டில் ஒன்று இருந்தாலும் வாங்காதீர்கள்.