யானை செய்ய எது தோது: உப்பு மாவா, கலர் கிளேயா, களிமண்ணா?

பிள்ளைகள் உருட்டிப் பிசைந்து விளையாட எதைக் கொடுக்கலாம் என்று யோசித்தால் மூன்று வழி இருக்கிறது. வீட்டிலேயே மாவும் உப்பும் சேர்த்துக் கிளறித் தரலாம். கடையில் விற்கும் கலர் கிளே வாங்கலாம், அதாவது எண்ணெய்ப் பசையில் செய்த பிளாஸ்டிசின் வகை. இல்லையென்றால் அசல் களிமண்ணையே கையில் கொடுத்துவிடலாம். எல்லாம் ஒன்றுதானே என்று நினைப்பவர்கள் மூன்றிலும் ஆளுக்கொரு யானை செய்து பார்க்கட்டும். கனத்த உடம்பைத் தாங்கும் நான்கு கால், தொங்கும் தும்பிக்கை, அகன்ற காது. பொருளின் குணம் முழுக்க இந்த மூன்று இடத்தில் தெரிந்துவிடும்.

உப்பு மாவில் யானை நிற்காது, உட்கார்ந்துவிடும். செய்து வைத்த கொஞ்ச நேரத்திலேயே கால்கள் அமுங்கித் தட்டையாகும், தும்பிக்கை நீண்டு தரையைத் தொடும். காலுக்குள் குச்சி செருகலாம், அல்லது யானையைப் படுக்க வைத்துச் செய்யலாம். ஆனால் மூன்று வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் ஒரு குறையே இல்லை. அது ஓர் உருண்டையைப் பிடித்து வைத்து "யானை" என்று சொல்லும், அடுத்த நிமிடம் அதையே நசுக்கிப் பாம்பாக்கும். பிஞ்சு விரலின் சின்ன அழுத்தத்துக்கே வளைந்து கொடுப்பதுதான் மாவின் பலம்.

மாவைப் பச்சையாகப் பிசைந்து கொடுப்பதைவிட அடுப்பில் வைத்துக் கிளறிக் கொடுப்பது நல்லது. இரண்டு கப் மைதா மாவு, ஒரு கப் தூள் உப்பு, இரண்டு கப் தண்ணீர், இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. சிறு தீயில் கைவிடாமல் கிளற, முதலில் கூழாக இருப்பது திடீரென்று பாத்திரத்தின் ஓரம் விட்டுத் திரண்டு வரும். மாவிலுள்ள ஸ்டார்ச் சூட்டில் தண்ணீரை உறிஞ்சி உப்புவதால் வரும் வழவழப்பு பச்சை மாவில் வராது. இன்னொரு காரணமும் உண்டு. வேகாத மாவில் ஈ.கோலி, சால்மொனெல்லா போன்ற கிருமிகள் இருக்க வாய்ப்புண்டு. கைவேலைக்காகக்கூடப் பச்சை மாவைப் பிள்ளைகளிடம் தர வேண்டாம் என்பது அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை. ஆறியதும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வைத்தால் சில வாரம் தாங்கும். நாய் வளர்ப்பவர்கள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். இவ்வளவு உப்பு நாயின் வயிற்றுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

கடையில் விற்கும் பிளே-டோவும் இந்த மாவுக் குடும்பம்தான். அதன் பூர்வீகம் வேடிக்கையானது. நிலக்கரி அடுப்புப் புகை படிந்த சுவர்க்காகிதத்தைத் துடைக்க அமெரிக்காவின் சின்சினாட்டியில் தயாரான பசை அது. நிலக்கரி போய் எரிவாயு வந்தது, கழுவக்கூடிய வினைல் காகிதமும் வந்தது, துடைக்கும் பசைக்கு வேலையில்லாமல் போயிற்று. கே ஸுஃபால் என்ற மழலையர் பள்ளி ஆசிரியை அதைப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தார். 1956-இல் அதே பசை விளையாட்டுப் பொருளாக விற்பனைக்கு வந்தது. இதனோடு வரும் அச்சுகளைத்தான் எனக்குப் பிடிக்காது. மாவை உள்ளே தள்ளினால் நட்சத்திரம் வெளியே வருகிறது, சரி, அதில் பிள்ளை செய்தது என்ன?

கலர் கிளேயில் யானை கம்பீரமாக நிற்கும். தும்பிக்கையை மெல்லிசாக இழுத்து மேலே வளைத்தாலும் அப்படியே இருக்கும். நகத்தால் கீறிச் சுருக்கம் போடலாம், கடுகளவு வெள்ளையில் தந்தம் ஒட்டலாம். வில்லியம் ஹார்பட் என்ற ஆங்கிலேய ஓவிய ஆசிரியர் 1897-இல், தன் மாணவர்களுக்காகக் காயாத களிமண் ஒன்று வேண்டுமென்று உருவாக்கியது இது. சுண்ணாம்புத் தூள், பெட்ரோலியம் ஜெல்லி, கொழுப்பு அமிலம் ஆகியவற்றின் கலவை. தண்ணீரே இல்லாததால் காயவும் காயாது. எப்போது வேண்டுமானாலும் பிரித்து மறுபடி செய்யலாம்.

இந்த வசதியால் கதை சொல்லும் பிள்ளைகளுக்கு இதை விஞ்ச எதுவும் இல்லை. யானையின் காலைத் துளி நகர்த்தி ஒரு படம், இன்னும் துளி நகர்த்தி இன்னொரு படம் என்று செல்போனில் எடுத்து, வினாடிக்கு 12 படம் வீதம் ஓட்டினால் யானை நடக்கும். இதில் குடும்பத்துக்கே வேலை இருக்கிறது: ஒருவர் நகர்த்த, ஒருவர் படமெடுக்க, விளக்கு வெளிச்சம் மாறாமல் பார்த்துக்கொள்ள இன்னொருவர். மாவு யானையைப் படமெடுத்தால் அது நடப்பதற்குள் படுத்துவிடும்.

கிளேயின் தொல்லைகளும் உண்டு. குளிரில் கல்லாக இறுகும். பெரியவர்கள் உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றித் தர வேண்டும். எல்லா நிறமும் சேர்ந்து கடைசியில் ஒரே பழுப்பு உருண்டையாவதைத் தடுத்த குடும்பம் உண்டா, தெரியாது. கம்பளத்தில் ஒட்டினால் தண்ணீரில் கரையாது, ஐஸ் கட்டியை வைத்து இறுக்கிச் சுரண்ட வேண்டும். அடுப்பில் சுட முடியாது, உருகிவிடும்.

களிமண்தான் இந்த மூன்றில் கறாரானது. கிளேயில் செய்வதுபோல் தும்பிக்கையைச் சும்மா அழுத்தி ஒட்டினால், அன்றைக்கு ஒட்டியிருக்கும், காய்ந்ததும் கழன்று விழும். ஈரம் போகப் போகக் களிமண் சுருங்குகிறது. தும்பிக்கையும் தலையும் ஒரே வேகத்தில் சுருங்குவதில்லை. அதனால் ஒட்டும் இரண்டு பக்கத்தையும் முள்கரண்டியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீற வேண்டும். களிமண்ணைத் தண்ணீரில் தயிர்ப் பதத்துக்குக் குழைத்துத் தடவி, அழுத்தி, சேர்ந்த இடம் தெரியாமல் விரலால் இழுத்துத் தேய்க்க வேண்டும். வயிறு கெட்டியாக இருந்தால் வெளியே காய்ந்து உள்ளே ஈரம் நின்று வெடிக்கும். இரண்டு கிண்ணம் பிடித்து, வாயோடு வாய் சேர்த்து, உள்ளே வெற்றிடம் விட்டுத்தான் வயிறு செய்ய வேண்டும். அப்புறம் பிளாஸ்டிக் உறையைத் தளர்வாகப் போர்த்தி மெதுவாகக் காயவிட வேண்டும்.

நாலு வயதுப் பிள்ளையிடம் இதையெல்லாம் எதிர்பார்ப்பது கொடுமை. ஆனால் ஏழெட்டு வயதுக்கு மேல் நான் களிமண் பக்கம்தான். மாவும் கிளேயும் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ள விடுகின்றன. அதனால் எதுவும் முடிவதே இல்லை. களிமண்ணில் மட்டும்தான், இனி தொடக்கூடாது, தொட்டால் விரிசல் விடும் என்ற ஒரு நேரம் வருகிறது. இதோடு போதும் என்று கையை எடுக்கும் முடிவைப் பிள்ளையே எடுக்கிறது. அதற்கு முன்பே உடைந்துபோனாலும் நஷ்டமில்லை. சுடாத மண்ணை வாளித் தண்ணீரில் போட்டால் கரைந்து மறுபடி மண்ணாகும்.

சுத்தம் செய்யும் விஷயத்தில் களிமண்ணுக்குச் சில கண்டிப்புகள் உண்டு. கை கழுவிய தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைக்கும். வாளியில் தெளியவிட்டு மேல்தண்ணீரை மட்டும் கொட்ட வேண்டும். காய்ந்த தூளைப் பெருக்கக் கூடாது, அதிலுள்ள சிலிக்கா நுரையீரலுக்கு ஆகாது. ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

செய்த யானையை அலமாரியில் வைத்தே ஆக வேண்டும் என்றால் சூளையில் சுட வேண்டும். அது 1000 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூடு, வீட்டு ஓவனில் ஆகாது. காற்றிலேயே இறுகும் கிளே வாங்கினால் சூளை வேண்டாம், ஆனால் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓவனில் சுடும் பாலிமர் கிளே வேறு ரகம். அது பிவிசி என்ற பிளாஸ்டிக், சூடு மிஞ்சினால் நச்சுப் புகை வரும், பெரியவர்தான் சுட வேண்டும்.

வீட்டில் வெவ்வேறு வயதில் இரண்டு பிள்ளைகள் இருந்தால், சின்னதுக்கு மாவு, பெரியதுக்கு மண் என்று பிரித்துக் கொடுங்கள். ஆனால் மேசையையும் பிரித்துப் போடுங்கள். மாவுத் துண்டு ஒன்று மண் வாளிக்குள் விழுந்து கிடந்தால் கொஞ்ச நாளில் பூசணம் பிடித்து வாளியே நாறும்.