ஆகஸ்ட்ல பவேரியாவுக்கு பங்கு பாக்க போற ஃபாதர்களுக்கு ஒரு நல்ல விடுதி

ஆகஸ்ட் வந்தா ஜெர்மனியில பங்குத்தந்தைங்க லீவுல போயிருவாங்க, அந்த நாலு வாரத்துக்கு பங்கை, அதாவது அந்த ஊர் கோயிலையும் சபையையும், பாத்துக்க நம்ம ஊர் குருக்கள் நெறைய பேர் போறோம். இந்த தடவை எனக்கு பவேரியா மாநிலத்துல, ஆல்ட்டோட்டிங்ங்கற மாதா திருத்தல ஊர் பக்கம் ஒரு சின்ன கிராமம். சாமியார் பங்களாவுல மராமத்து வேலை நடந்ததால கோயிலுக்கு எதிர்லயே இருக்கற காஸ்ட்ஹவுஸ்ல தங்க வெச்சாங்க, கீழ சாப்பாட்டுக் கடை, மேல நாலு ரூம்.

அந்த இடம் எப்படின்னு சொல்ல ஆகஸ்ட் 15 ஒரு நாளே போதும். நமக்கு அன்னிக்கி சுதந்திர தினமும் பரலோக மாதா திருநாளும் சேந்து வரும், அங்கயும் கத்தோலிக்கர் அதிகமா இருக்கற ஊர்லல்லாம் அரசு விடுமுறை. காலைல கிளைக்கிராமத்துல ஒரு பூசை, பத்து மணிக்கு பெரிய கோயில்ல ஒண்ணு. எல்லார் கையிலயும் மூலிகைக் கட்டு, நடுவுல உசரமா ஒரு மஞ்சப்பூத் தண்டு, சுத்தி சாமந்தி மாதிரி சின்னச் சின்ன பூ, கோதுமைக் கதிர். நான் மந்திரிச்சு தீர்த்தம் தெளிக்கறப்ப கோயில் முழுக்க ஒரு பச்சை வாசம், கொழுந்து மாலை கட்டற எடத்துல நிக்கற மாதிரியே இருந்துச்சு. விடுதிக்கார அம்மாவும் ஒரு கட்டு கொண்டு வந்திருந்தாங்க, பூசை முடிஞ்ச கையோட போய் கடை மூலைல சிலுவையில இருக்கற பாடுபட்ட சுரூபத்துக்குப் பக்கத்துல செருகிட்டு போன வருஷத்து காஞ்ச கட்டை எறக்கி வெச்சாங்க.

அப்புறம் எனக்கு வெள்ளை சாசேஜ், இனிப்பு கடுகு, ப்ரெட்ஸல் வந்துச்சு. பன்னெண்டு மணி அடிக்கறதுக்குள்ள சாப்பிட்டுறணும்ங்கறது அந்த ஊர் வழக்கம், தோலை உரிச்சு ஒரு வாய் கூட வைக்கல, ஃபோன் வந்துருச்சு, தள்ளி ஒரு பண்ணை வீட்ல வயசான அம்மா ரொம்ப முடியாம இருக்காங்கன்னு. தட்டை அப்படியே விட்டுட்டு எந்திரிச்சேன், விடுதிக்காரரே கடையில கூட்டம் இருந்தும் கார் எடுத்தாரு. அந்த அம்மாவுக்கு நோயில்பூசுதல் குடுத்தேன், உள்ளங்கையில எண்ணெய் பூசறப்ப பால் கறந்து கறந்து காப்புக் காச்சிப் போன கைன்னு தெரிஞ்சுது, எனக்கு ஜெர்மன் வாசிக்கத்தான் வரும், பரலோக மந்திரத்தை அவங்கதான் எனக்கு முன்னாடி சொல்லிட்டே போனாங்க. முடிச்சதும் "ஃபெர்கெல்ட்ஸ் கோட்"னாங்க, ஆண்டவர் உங்களுக்குத் திருப்பிக் குடுப்பாருன்னு அர்த்தம்.

திரும்பி வந்தப்ப மூணு மணி ஆகப்போகுது, ரெண்டு மணிக்கே அடுப்பை மூடிருவோம்னு போர்டுலயே எழுதியிருக்கு. ஆனா விடுதிக்கார அம்மா எனக்காக திரும்ப அடுப்பு பத்த வெச்சு சூடா சூப் கொண்டாந்தாங்க, மெல்லிசா ஊத்தின தோசைய சுருட்டி நூலா நறுக்கி மாட்டெலும்பு சாறுல போட்டா எப்படி இருக்கும், அப்படி, மேல பொடியா நறுக்கின ஒரு பச்சைத் தாளு. பின்னாடியே பன்றி ரோஸ்ட்டும் உருளைக்கிழங்கு உருண்டையும். நான் "ஃபெர்கெல்ட்ஸ் கோட்"னு சொன்னேன், "ஸெக்னெஸ் கோட்"னு பதில் வந்துச்சு, ஆண்டவர் ஆசீர்வதிக்கட்டும்னு. நன்றின்னு வெறுமனே சொல்றதைவிட இந்தப் பழக்கம் எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு, ஊருக்கு வந்தும் வாயில வருது.

ஒரு நாள் ஒதுக்கி ஆல்ட்டோட்டிங் கண்டிப்பா போங்க. கறுத்த மாதா இருக்கற சின்ன சிற்றாலயம், அதுல பவேரிய ராஜாக்களோட இதயத்தை வெள்ளிக் குடுவையில வெச்சிருக்காங்க, வெளிய மரச்சிலுவையைத் தோள்ல சுமந்துகிட்டு ஜனங்க சுத்தி வர்றாங்க. அங்க கப்புச்சின் சபைத் துறவிங்க மடத்துல 41 வருஷம் வாசக்காப்பாளரா இருந்த புனித கொன்ராட், மடத்துக் கதவைத் தட்டின ஏழைங்களுக்கு ரொட்டி குடுத்தவர், 1934ல புனிதர் பட்டம், அவர் கல்லறைல நான் ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன்.

குறைன்னா, மாடிப்படி செங்குத்து, முட்டி வலி இருந்தா கஷ்டம். கார்டு வாங்க மாட்டாங்க, கையில யூரோ வெச்சுக்கோங்க. சைவம் மட்டும்னா சீஸ் போட்ட ஒரு மாவு ஐட்டம்தான் திரும்பத் திரும்ப வரும். திங்கக்கிழமை கடை லீவு, ஆனா நான் ஒண்ணும் கேக்காமலே காலைல ரூம் வாசல்ல ஒரு தட்டு, துணி போட்டு மூடி, ரொட்டி, சீஸ், வேகவெச்ச ரெண்டு முட்டை, ஃப்ளாஸ்க்ல காப்பி.